மே 8: ஒரு திகதியும் பல நாட்களும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் மருத்துவர் ஒருவர் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, நீரிழிவு, பிறசர், முழங்கால் வலி பற்றிய உரையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைத் தேநீர் நேரத்தில் எப்படியும் எங்களிடம் கேட்கத்தான் போகிறீர்கள். கூட்டம் மே 8ஆம் திகதி என்று அழைப்பிதழில் கண்டதும், அந்தத் திகதியைப் பற்றியே பேசுவோம் என்று முடிவுசெய்தோம்.

எங்கள் காலத்தில் பிரார்த்தனை மண்டப வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. "வரலாற்றில் இன்று" என்று தலைப்பிட்டு, அன்றைய நாளுக்கு உரிய ஒரு வரியை முறைக்கு ஒருத்தி எழுத வேண்டும். மின்சாரம் இல்லாத, பத்திரிகை ஒழுங்காக வராத ஆண்டுகள் அவை. நூலகத்தில் இருந்த பழைய பொது அறிவுப் புத்தகங்களைப் பார்த்துத்தான் எழுதினோம். ஓர் ஆண்டு, ஒரு பெயர், ஒரு வினைச்சொல்: இன்னார் பிறந்தார், இன்ன போர் முடிந்தது. எங்களுக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்று சொன்னவற்றில் அந்தப் பலகையும் ஒன்று என்பதால் அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் யார் அடங்கினார்கள், யார் அடங்காமல் வெளியே நின்றார்கள் என்று இந்த வயதில் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே திகதியில் பல பெரிய சம்பவங்கள் நடந்திருப்பதில் மாயம் எதுவும் இல்லை. ஆண்டில் இருப்பது 365 நாள். மனித வரலாறோ நீண்டது. எந்தத் திகதியை எடுத்தாலும் ஒரு பிறப்பு, ஒரு கொலை, ஒரு கண்டுபிடிப்பு, ஒரு அழிவு அகப்படும். 23 பேர் இருக்கும் வகுப்பில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்று கணித ஆசிரியைகள் சொல்வார்கள். எண்சாத்திரத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் எட்டாம் எண்ணைப் பற்றிப் பிறகு எங்களுடன் சண்டை பிடிக்கலாம். எங்களுக்குத் திகதி ஒரு சாட்டுத்தான்.

1794இன் மே 8இலிருந்து தொடங்குவோம். அன்று பாரிசில், புரட்சி நீதிமன்றம் வரி வசூலிப்பு நிறுவனம் ஒன்றின் பங்காளிகள் 28 பேரை விசாரித்து, அன்றைக்கே அனைவரையும் கில்லட்டினுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் அந்துவான் லவோசியே. பிரீஸ்ட்லியும் ஷீலேயும் ஏற்கெனவே பிரித்தெடுத்திருந்த ஒரு வாயுவை இன்னது என்று விளங்கிக்கொண்டு அதற்கு ஒட்சிசன் என்று பெயர் வைத்தவர் அவர். எரிவதும் மூச்சு விடுவதும் அடிப்படையில் ஒரே செயல் என்று காட்டியவரும் அவரே. 2021இல் கொவிட் விடுதிகளில் நின்று ஒட்சிசன் சிலிண்டர்களை எண்ணியவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் பாடப்புத்தகப் பெயர் அல்ல.

குடியரசுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை என்று நீதிபதி அன்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நம்பத்தகுந்த சான்று அதற்கு இல்லை என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. உண்மை அதைவிடச் சாதாரணமானது. மக்கள் வெறுத்த ஒரு வரி நிறுவனத்தில் அவர் பங்காளி. அந்தப் பணத்தில்தான் ஆய்வுகூடம் நடந்தது. பழி தீர்க்கும் காலம் வந்தபோது அவர் தப்பவில்லை. இன்னொன்று, அவரைக் கொன்றவர்கள் அந்த நாளை மே 8 என்று அழைக்கவில்லை. பழைய நாட்காட்டியை ஒழித்துவிட்டு, பத்து நாளுக்கு ஒரு வாரம் என்று புதிதாக ஒன்றை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். அதன்படி அது இரண்டாம் ஆண்டின் பூ மாதம், 19ஆம் நாள். அந்த நாட்காட்டியை 1806இல் நெப்போலியன் கைவிட்டார். லவோசியே பங்கெடுத்துத் தொடங்கிவைத்த மெற்றிக் அளவுமுறையோ இன்றைக்கும் எங்கள் மருந்துச் சீட்டுகளில் மில்லிகிராமாக நிற்கிறது.

கரும்பலகையின் வரி இங்கே முடிந்துவிடும். அந்த வரிக்கு வெளியே நின்றவர் மரி ஆன் போல்ஸ். 13 வயதில் லவோசியேக்கு மணம்முடித்துக் கொடுக்கப்பட்ட பெண். எங்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. அந்த வயதில் வேறு வழியில்லாமல் ஒரு வீட்டுக்குள் போனவர், அங்கிருந்த ஆய்வுகூடத்துக்குள்ளும் போனார். கணவருக்கு ஆங்கிலம் வராது. அவர் ஆங்கிலம் கற்று, கேர்வன் என்ற ஐரிஷ் விஞ்ஞானியின் நூலை, அதன் கருத்துகளை மறுக்கும் குறிப்புகளும் சேர்ந்துவரப் பிரெஞ்சில் வெளியிட்டார். ஓவியர் டாவிட்டிடம் வரைதல் கற்று, 1789இல் வெளியான லவோசியேயின் புகழ்பெற்ற இரசாயனப் பாடநூலுக்குத் தேவையான உபகரணப் படங்கள் அனைத்தையும் வரைந்தார். அந்தக் கருவிகளை மற்றவர்களும் செய்துபார்க்க முடிந்தது அந்தப் படங்களால்தான்.

மூச்சு பற்றிய பரிசோதனைகளை அவர் வரைந்த படங்களும் கிடைத்திருக்கின்றன. முகமூடி அணிந்து ஒருவர் குழாய் வழியே மூச்சு விடுகிறார். சுற்றிலும் ஆண்கள் கருவிகளைக் கவனிக்கிறார்கள். படத்தின் ஓரத்தில், தனி மேசையில், ஒரு பெண் அளவீடுகளைக் குறித்துக்கொண்டிருக்கிறாள். அது அவர்தான். தன்னையும் படத்துக்குள் வரைந்து வைத்திருக்கிறார். விடுதிகளில் இரவுக் கடமையில் இருக்கும் தாதிமார் நாடித்துடிப்பையும் வெப்பநிலையையும் அட்டையில் குறிக்கும்போது எங்களுக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும். அந்த அட்டை இல்லாமல் காலையில் வருகிற விசேட வைத்திய நிபுணர் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த மே 8இல் மரி ஆன் இழந்தது கணவரை மட்டும் அல்ல. கொல்லப்பட்ட 28 பேரில் அவருடைய தகப்பனாரும் ஒருவர். ஒரே நாளில் இருவரும் போய், சொத்தும் பறிக்கப்பட்டு, பிறகு அவரும் சில வாரம் சிறையில் இருந்தார். வெளியே வந்தவர் பறிமுதல் செய்யப்பட்ட குறிப்பேடுகளையும் கருவிகளையும் கேட்டுக் கேட்டு மீட்டார். கணவரின் எஞ்சிய கட்டுரைகளைப் பதிப்பித்தார். 1836 வரை வாழ்ந்தார். இலவோசியேயைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறது என்றால் அந்த நாற்பதாண்டுப் பிடிவாதத்தால்தான். அதற்கென்று ஒரு திகதி கிடையாது. எந்தப் பலகையிலும் எழுத முடியாது.

இடையில் ஒரு சிறு விஷயம், சின்னப் பிள்ளைகளுக்காக. 1886 மே 8இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஒரு மருந்துக் கடையில், ஐந்து சதத்துக்கு ஒரு கிளாஸ் என்று கோகோ கோலா முதன்முதலாக விற்கப்பட்டது. அதைச் செய்தவர் ஜோன் பெம்பர்டன் என்ற மருந்தாளர். உள்நாட்டுப் போரில் பட்ட காயத்தின் வலிக்கு எடுத்த மோர்பினுக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள வழி தேடியவர். மருந்தாகத் தொடங்கியது. நீரிழிவுக் கிளினிக்கில் இருந்து பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

1902 மே 8இல், கரிபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில், காலை எட்டு மணியளவில் பெலே எரிமலை வெடித்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மலைச்சரிவால் இறங்கி, சென் பியேர் நகரைச் சில நிமிடங்களில் மூடியது. இறந்தவர்கள் 28,000 பேர் அளவில். பெரும்பாலானவர்கள் ஓடுவதற்கு எழுந்திருக்கவும் இல்லை. எரிமலைக் குழம்பு மெல்ல வரும், பார்த்து விலகலாம் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். பல நாட்களாகவே மலை புகைந்துகொண்டும் சாம்பல் கொட்டிக்கொண்டும் இருந்தது. ஆளுநர் நியமித்த குழு ஆபத்து இல்லை என்று அறிவித்தது. ஆளுநரும் மனைவியும் அந்த நகருக்கே வந்து தங்கி, அங்கேயே இறந்தார்கள். சில நாளில் தேர்தல் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தப்பியவர்கள் மிகச் சிலர். தடித்த கற்சுவர்ச் சிறைக்கூடம் ஒன்றில் அடைபட்டிருந்த சில்பரிஸ் என்ற கைதி அவர்களில் ஒருவர். கடும் தீக்காயங்களோடு நாட்கள் கழித்து மீட்கப்பட்ட அவரை, பின்னர் பார்னம் அன்ட் பெய்லி சர்க்கஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது. பட்டியல்கள் எல்லாம் இந்தக் கைதியைத் தவறாமல் சொல்லும். பிறகு அந்த மலைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி, நடந்தது என்ன என்று அளந்து எழுதிய லக்ருவா என்ற பிரெஞ்சு அறிஞரைச் சொல்வது அரிது. எரிமலைகளின் அருகே வாழும் மக்களை முன்கூட்டியே வெளியேற்றும் இன்றைய வழக்கத்துக்கு அவருடைய வேலையும் ஓர் அடித்தளம்.

இனி 1945. ஐரோப்பாவில் இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்த நாள். ஒரே நாள் என்று நாங்கள் சொல்வது எவ்வளவு நழுவலானது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். ஜெர்மனி சரணடையும் பத்திரத்தில் மே 7 அதிகாலை பிரான்சின் ரீம்ஸ் நகரில் கையொப்பமிட்டது. அது நடைமுறைக்கு வந்தது மே 8 இரவு 11 மணி 1 நிமிடத்துக்கு. அந்த நேரத்தில் மொஸ்கோவில் நள்ளிரவு கடந்துவிட்டதால் ரஷ்யர்களுக்கு வெற்றிநாள் மே 9. ஒரு மணிக்கூட்டு வித்தியாசத்தால் ஒரே வெற்றிக்கு இன்றைக்கும் இரண்டு திகதி.

அதே மே 8இல், பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் செட்டீஃப் நகரில், போர் முடிந்ததைக் கொண்டாட மக்கள் ஊர்வலம் போனார்கள். தங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று கேட்டு, தங்கள் கொடியையும் பிடித்துப் போனார்கள். கொடி பிடித்துவந்த இளைஞர் சுடப்பட்டார். கலவரத்தில் ஐரோப்பியர் நூறு பேர் அளவில் கொல்லப்பட்டார்கள்; அதற்குப் பழியாகப் படையும் ஆயுதம் தாங்கிய குடியேறிகளும் செட்டீஃபிலும் கெல்மாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாரக்கணக்கில் கொன்றார்கள். அன்றைய பிரெஞ்சு அரசின் கணக்கு ஆயிரத்துச் சொச்சம். அல்ஜீரிய அரசின் கணக்கு 45,000. வரலாற்றாசிரியர்கள் இடையில் வெவ்வேறு எண்களில் நிற்கிறார்கள். பாரிசில் தெருவெல்லாம் ஆடிப்பாடிய அதே பகலில் நடந்தது இது. "ஐரோப்பாவில் போர் முடிந்தது" என்ற வரி பொய் இல்லை. ஆனால் அந்த வரியை எழுதியவர் எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதினார் என்று கேட்காமல் அதை வாசிக்க முடியாது. மே மாதத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒத்துவராமல் போகும் கதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படும் ஒன்றல்ல.

இந்தச் சங்கத்தைத் தொடங்கிய தலைமுறைக்கும் 1945 மே 8 போர் முடிந்த நாளாக இருந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் மலாயாவுக்கு உத்தியோகத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் எத்தனை! ரயில்வே, தபால், வைத்தியசாலை என்று போனவர்கள், அவர்களோடு போன எங்கள் பழைய மாணவிகள். ஜப்பானியரின் கையில் இருந்த மலாயாவுக்கு ஓகஸ்டில்தான் போர் முடிந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. கடிதம் வராத அந்த வீடுகளில் மே 8 மற்றொரு செவ்வாய்க்கிழமைதான்.

1828 மே 8இல் ஜெனீவாவில் பிறந்தவர் ஹென்றி டுனாண்ட். உலக செஞ்சிலுவை தினம் இன்று கொண்டாடப்படுவது அதனால்தான். வியாபார அலுவலாக இத்தாலிப் பக்கம் போன டுனாண்ட், 1859 ஜூன் 24இல் சொல்பெரினோவில் நடந்த சண்டைக்குப் பின், அருகில் இருந்த கஸ்டிலியோனே என்ற சிறு பட்டணத்தில் ஆயிரக்கணக்கான காயக்காரர்களைக் கண்டார். தேவாலயம், வீடு, தெரு எங்கும் கிடந்தார்கள். படைகளிடம் குதிரைகளுக்கு இருந்த மிருக வைத்தியர்கள்கூடப் படைவீரர்களுக்கு வைத்தியர்களாக இருக்கவில்லை என்று சொல்லும் நிலை. அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, எவன் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் கழுவிக் கட்டினார்கள். டுனாண்ட் அவர்களோடு சேர்ந்து நின்றார். 1862இல் அதை ஒரு நூலாக எழுதினார். மறு ஆண்டு ஜெனீவாவில் ஐந்து பேர் குழு. 1864 ஓகஸ்டில் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை. எதிரியின் காயக்காரனும் காயக்காரனே என்ற எண்ணம், சட்டமாவதற்கு முன்னர் பெயர் தெரியாத அந்தப் பெண்களின் கையில் இருந்தது.

டுனாண்டின் பிற்கால வாழ்வைப் பலர் அறிவதில்லை. 1867இல் வியாபாரம் முறிந்து கடனாளியாகி, பிறந்த ஊராலேயே ஒதுக்கப்பட்டு, வறுமையில் அலைந்து, கடைசியில் ஹைடன் என்ற மலைக் கிராமத்து வைத்தியசாலையில் ஓர் அறையில் ஒதுங்கினார். உலகம் அவரை இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தது. 1895இல் ஒரு பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் மீண்டும் தெரியவந்தார். 1901இல் முதலாவது சமாதான நோபல் பரிசு இருவருக்குப் பகிரப்பட்டபோது ஒருவர் அவர். பரிசுப் பணத்தைத் தனக்கென்று செலவழிக்கவில்லை. அந்தக் கிராமத்து ஏழைகளுக்காக வைத்தியசாலையில் ஒரு இலவசக் கட்டிலுக்கு எழுதிவைத்தார்.

எங்கள் வகுப்புக்கு அந்தச் சிலுவை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே அதைத் தெரியும். 1990இல் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியைச் சுற்றிய பகுதி சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் வந்தபோது எங்களுக்குப் பத்து வயது. அந்தக் கொடிக்குக் கீழே போனால் குண்டு விழாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நோயாளரைத் திருகோணமலைக்கு ஏற்றிப்போன கப்பலிலும் அதே கொடி. எங்களில் சிலர் மருத்துவம் படிக்க வேண்டும் என்று நினைத்ததற்கு அது ஒரு காரணம் என்றால் மிகை இல்லை.

டுனாண்ட் பிறந்த அதே ஜெனீவாவில், 152 ஆண்டு கழித்து, 1980 மே 8இல், உலக சுகாதார சபை பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று பிரகடனம் செய்தது. எங்களுக்கு இந்த நாளின் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது இது. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் முப்பது கோடிப் பேர் அளவில் கொன்ற நோய் என்று மதிப்பிடப்படுகிறது.

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள். எங்கள் அம்மாமாரின் கையில் அம்மைப்பால் குத்திய வட்டத் தழும்பு இருக்கிறது. எங்களிடம் இருப்பது காசநோய்க்குக் குத்திய தழும்பு மட்டும். மனித வரலாற்றில் அந்தத் தழும்பு தேவைப்படாமல் வளர்ந்த முதல் தலைமுறை நாங்கள். அம்மம்மாமார் "அம்மாள் வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதையும், வாசலில் வேப்பிலை கட்டுவதையும் கண்டிருக்கிறோம். நாங்கள் கண்டது கொப்புளிப்பான். அவர்கள் பயந்தது வேறொன்றுக்கு.

பிரகடன நாளில் உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளிக்குத் தோலில் கொப்புளம் தோன்றியது 1977 ஒக்டோபர் 26இல். சோமாலியாவின் மேர்க்கா பட்டணத்து வைத்தியசாலையில் சமையல் வேலை பார்த்த அலி மாவ் மாலின். ஊசிக்குப் பயந்து தடுப்பு மருந்தைத் தவிர்த்திருந்தார். அவருக்கு முன், இந்த நோயின் கொடிய வகை தொற்றிய கடைசி ஆள் வங்காளதேசத்தின் போலாத் தீவில் ரஹிமா பானு என்ற சிறு குழந்தை, 1975 ஒக்டோபர். அந்தக் குழந்தைக்கு நோய் என்று சுகாதாரக் குழுவுக்குத் தகவல் கொடுத்தவள் பில்கிசுன்னிசா என்ற எட்டு வயதுச் சிறுமி. 250 டாக்கா பரிசு கிடைத்தது. எட்டு வயதுப் பெண்பிள்ளை கண்டதைக் கண்டபடி சொல்லி, பெரியவர்கள் அதை நம்பியதால் ஒரு கண்டத்தில் ஒரு நோய் முடிந்தது. எந்த நாட்காட்டியில் அவள் பெயர் இருக்கிறது?

வேலை நடந்தது 1967இலிருந்து பத்தாண்டுக்கு மேல். சோவியத் ஒன்றியம் 1958இல் முன்மொழிய, பனிப்போரின் நடுவே அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. கெடாமல் உலரவைத்த மருந்து. இரண்டு முனையுள்ள ஒரு சிறு ஊசி. நோய் கண்ட வீட்டைச் சுற்றி வளையம் போல ஊசி போடும் உத்தி. மீதியெல்லாம் நடை. வீடு வீடாக, படத்தைக் காட்டி, "இப்படி யாரையும் கண்டீர்களா" என்று கேட்ட லட்சக்கணக்கானோரின் நடை. எங்கள் ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளில் வருவாவே, அந்த வேலை. கடைசியாக இந்த நோயால் இறந்தவர் பிரித்தானியாவின் பர்மிங்காமில் ஜனெற் பார்க்கர் என்ற மருத்துவப் புகைப்படக்காரர். ஆய்வுகூடத்தில் வைத்திருந்த கிருமி வெளியே வந்து தொற்றியது. அவர் இறந்தது 1978 செப்டெம்பர் 11. அந்தத் திகதியை உலகம் வேறொன்றுக்காகவே நினைவில் வைத்திருக்கிறது.

எங்கள் தொழிலின் சங்கடம் இங்கேதான். எரிமலை வெடித்ததற்கு நாளும் நேரமும் உண்டு. தலை விழுந்ததற்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு வராமல் போன நோய்க்கு நாள் கிடையாது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு பக்கமும் துவக்குகளை நிறுத்திவைத்த நாட்கள் போர்க்காலத்தில் இருந்தன. அவை எந்தத் திகதிகள் என்று இந்த மண்டபத்தில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? குண்டு விழுந்த நாட்கள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மலேரியா 2016இல் முற்றாக நீங்கியது என்று சான்று கிடைத்தது. சின்னமுத்து 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2023இல் திரும்பி வந்தது. தடுப்பூசி தவறிய பிள்ளைகளைத் தேடி வந்தது. நாளில்லாத வெற்றியை மறப்பது சுலபம், மறந்த இடத்துக்கு நோய் வருவதும் சுலபம்.

இதைச் சங்கத்தில் சொல்லக் காரணம் உண்டு. 2017 முதல் ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பாடசாலைகளிலேயே போடப்படுகிறது. பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற குரல்பதிவு எங்கள் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுக்களிலேயே சுற்றிவருகிறது. படித்த கைகளால் படித்த கைகளுக்கு அனுப்பப்படுகிறது. அப்படி ஒரு விளைவு இல்லை. முற்றிய நிலையில் வரும் அந்தப் புற்றுநோயை எங்களில் சிலர் கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிற பெண்கள் எங்கள் வயதுக்காரர், சிலர் எங்களுடன் படித்தவர்கள். அவர்களுக்கு ஆறாம் தரத்தில் இந்த ஊசி இருக்கவில்லை.

அலி மாவ் மாலின் பின்னாளில் என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறோம். சோமாலியாவில் போலியோ ஒழிப்புக்குத் தொண்டராகச் சேர்ந்தார். தடுப்பு மருந்துக்குத் தயங்கிய தாய்மாரிடம், தான் ஊசிக்குப் பயந்து ஒளித்த கதையைச் சொல்லுவார். 2013இல் போலியோ மீண்டும் தலைகாட்டியபோது அந்த வேலைக்காகவே ஊர் ஊராகப் போனார். அந்தப் பயணத்தில் மலேரியா கண்டு இறந்தார்.

தேநீருக்குப் பிறகு ஆறாம் தர வகுப்பறையில் எங்கள் வகுப்பு மருத்துவர்கள் மூன்று மணி வரை இருப்போம். சம்மதக் கடிதத்தோடு வந்திருக்கும் அம்மாமார் கேள்விகளைக் கேட்கலாம். குரல்பதிவு அனுப்பியவர்களும் வரலாம், பெயர் கேட்க மாட்டோம். முழங்கால் வலிக்காரர் கடைசி வரிசையில்.